முகமூடியின் பின்முடிச்சு

அன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருந்தவர்கள்: அண்ணன், சக்கர நாற்காலியில். அண்ணி, அடுப்படி வாசலில், கையில் ஈரத்துணியோடு. அவர்கள் மகள், பூச்சோங்கிலிருந்து வந்தவள். அவள் புருஷன், சோபா ஓரத்தில், எப்போது கிளம்பலாம் என்று கார் சாவியைச் சுற்றிக்கொண்டு. பின் அறையில் வாடகைக்கு இருக்கும் சமையல்காரர், தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர், அன்றைக்கு அவருக்கு லீவு. கடைசியாக நான். அண்ணனின் தம்பி. தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சோறு முடிந்திருந்தது.

மகள் தன் போனை டிவியோடு எப்படியோ இணைத்தாள்.

"சத்தம் வருதாப்பா?"

"படமே வரல. சத்தத்தைக் கேக்குறே."

"பொறுங்க, லைன் ஸ்லோ லா."

படம் வந்தது. நிறம் செத்த பழைய படம். நடுவில் மேடை, நாலு பக்கமும் கயிறு, சுற்றிலும் தலைகள். அந்தக் காலத்தில் யாரோ பிடித்ததை இப்போது யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தலைப்பில் சாம்பியனின் பேர் இருந்தது. எதிராளிக்குப் பேர் இல்லை. முகமூடி என்று மட்டும் போட்டிருந்தது. எந்த ஊர் என்றும் இல்லை.

"இதான்," என்றார் அண்ணன். "இதேதான்."

இதை எழுதுகிறவன் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படம் பிடித்த அந்தக் காலத்தில் அண்ணன் வாரத்தில் ஆறு நாள் லோரி ஓட்டினார். பந்திங் எஸ்டேட்டுகளில் சரக்கு ஏற்றி, கிள்ளான் துறைமுகத்தில் இறக்குவது. நான் அவருக்குக் கெலிண்டான். லோரியில் கூடவே போய், ஏற்றி இறக்கி, சரக்கின் மேல் கேன்வஸ் போர்த்திக் கயிறு கட்டுகிறவனுக்கு இங்கே அதுதான் பேர். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மல்யுத்தத்துக்குப் போவார். நானும் போவேன். வாளியும் துண்டும் என் பொறுப்பு.

மேடையில் அண்ணனுக்குத் தோற்பதுதான் வேலை. காட்சி நடத்துகிற முதலாளி முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "இன்னிக்கு நீ குடுக்கணும்." எத்தனையாவது நிமிடத்தில், எந்தப் பிடியில் என்பதும் அவர் கணக்குதான். ஆனால் விழுவது நிஜமாக விழ வேண்டும். கீழே பலகை, அதன் மேல் ஒரு கேன்வஸ், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் அண்ணனுக்கு வலது கை தூக்க வராது. வளைவுகளில் நான் பக்கத்திலிருந்து எட்டி ஸ்டியரிங்கை இழுத்துக் கொடுப்பேன்.

சாம்பியன் வடநாட்டுக்காரர். அவர் படம் ஒட்டாத சுவர் அன்றைக்குக் கிள்ளானில் இல்லை. ஒரு ஞாயிறு அண்ணன் சொந்த முகத்தோடு அவரிடம் தோற்றார். இரண்டு வாரம் கழித்து அதே திடலில் மறுபடியும் சாம்பியனுக்கு ஆள் வேண்டியிருந்தது. தோற்றவனையே திரும்பக் காட்டினால் டிக்கெட் வாங்கியவன் நாற்காலியைத் தூக்கி வீசுவான். முதலாளி ஒரு கறுப்பு முகமூடியைக் கொடுத்தார். அது சுற்றிக்கொண்டிருந்த முகமூடி. கோலாலம்பூரில் ஒருவன் போட்டான். ஈப்போவில் இன்னொருவன். கிள்ளானில் அண்ணன்.

அது தலைக்குப் பின்னால் கயிறு கோத்துக் கட்டுவது. கட்டுகிற வேலை எனக்கு.

"டேய் கெலிண்டான், இது கழண்டா நீங்க ரெண்டு பேரும் கழண்டீங்க," என்றார் முதலாளி.

நான் லோரி கேன்வஸுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். வேறு முடிச்சு எனக்குத் தெரியாது. இழுக்க இழுக்க இறுகும். நுனி இரண்டையும் மடித்து உள்ளே சொருகிவிடுவேன், வெளியே ஒன்றும் தொங்காது. காட்சி முடிந்த பிறகு அவிழ்க்க முடியவில்லை. பிளேடால் அறுத்தேன். அறுக்கும்போது அண்ணனின் பின்தலையில் லேசாகக் கீறிவிட்டது.

அந்தக் காட்சியில்தான் அண்ணன் சாம்பியனைத் தலைக்கு மேலே தூக்கினார். முதலாளி சொன்ன கணக்கில் அது இல்லை. தூக்கினார், ஒரு சுற்றுச் சுற்றினார், அப்புறம்தான் தோற்றார். அந்தக் கோபத்தில் முதலாளி பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. இது அண்ணன் சொல்வது. நாற்பத்தெட்டு வருடமாகச் சொன்னார். கல்யாண வீட்டில், காப்பிக் கடையில், லோரிகள் வரிசையில் நிற்கும் துறைமுக வாசலில். கேட்டவர்கள் சிரித்தார்கள். மகள் சின்ன வயதில் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லப் போய், "உங்கப்பா லோரியைத் தூக்கினாரா, சாம்பியனைத் தூக்கினாரா" என்று கேலி வாங்கி அழுதுகொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

"என் தம்பியைக் கேளு," என்பார் அண்ணன். "அவன் மேடைக்குப் பக்கத்துல நின்னவன்."

கேட்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான், "ஆமாம், தூக்கினார்," என்பேன்.

அவருக்கு இருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

மூன்று வருடமாக அண்ணனுக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. நான் கிள்ளானிலிருந்து பழைய காரில் வந்து கூட்டிப் போவேன். போன வருடமே, "போதும்டா, விட்டுடலாம்," என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சித்தான் கிளப்புவார். மகள் வருவது மாதம் ஒருமுறை. வந்தால் மாத்திரை டப்பாவைப் பார்ப்பாள், கட்டில் துணியை மாற்றுவாள், போய்விடுவாள். அப்பாவோடு உட்கார்ந்து பேசுவதில்லை. அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று அண்ணன் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் மெஷினில் படுத்திருந்தபோது.

படத்தை அவள்தான் தேடி எடுத்தாள். ஏன் தேடினாள் என்று நான் கேட்கவில்லை.

படத்தில் முகமூடிக்காரன் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். கூட்டம் ஊளையிட்டது.

"அண்ணே," என்றார் சமையல்காரர், "முகமூடிய மாட்டினா நான்கூட பயில்வான்தான். உள்ள இருக்கறது நீங்கன்னு எப்படி நம்புறது?"

"உன் தொப்பை அதுல தெரியுதா பாரு. தெரியலேன்னா அது நான்தான்."

"ஆள் கொஞ்சம் கலரா தெரியுறாரே மாமா," என்றார் மருமகன்.

"அது லைட்டு."

"லைட்டு சாம்பியனுக்கும் அடிக்குதே. அவர் கறுப்பாத்தானே இருக்காரு?"

"நீங்க சும்மா இருங்க லா," என்றாள் மகள். அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாம்பியன் பிடித்தார், முகமூடி விழுந்தான். எழுந்தான், விழுந்தான். விழும்போதெல்லாம் அண்ணனின் தோள் நாற்காலியில் அசைந்தது. அண்ணி வாசலிலிருந்து, "ஐயோ, இப்படியா அடிப்பான்," என்றார். அண்ணன் மேடை ஏறிய காலத்தில் அண்ணி ஒரு காட்சிக்கும் வந்ததில்லை.

பிறகு அது நடந்தது. முகமூடிக்காரன் குனிந்து, சாம்பியனின் காலுக்கு நடுவில் ஒரு கையைக் கொடுத்து, இன்னொரு கையால் கழுத்தை வளைத்து, தூக்கினான். முதலில் நெஞ்சு வரை. ஒரு கணம் நின்றான். பிறகு தலைக்கு மேலே. கூட்டம் மொத்தமும் எழுந்தது. படம் பிடித்தவனும் எழுந்திருக்க வேண்டும், படம் ஆடியது. முகமூடிக்காரன் அவரைச் சுமந்தபடி ஒரு சுற்றுச் சுற்றினான்.

 மருமகன் கையில் சாவி நின்றுவிட்டது.

மகள் படத்தை நிறுத்தினாள். திருப்பி ஓட்டினாள். மறுபடியும் தூக்கினான்.

"அப்பா," என்றாள். "தூக்கியிருக்கீங்க."

எழுந்து போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்துப் போன இடது கை. அதற்குள்ளே எப்போதும் ஒரு துடிப்பு ஓடும். அவள் பயந்து அந்தக் கையைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் நம்பலப்பா. நான் நம்பவே இல்ல," என்று அழுதாள்.

"பரவால்லம்மா. நீ சின்னப் புள்ள," என்றார் அண்ணன். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒருவன்தான் டிவியைப் பார்த்தேன். முகமூடிக்காரன் சாம்பியனை இறக்கிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

பின்தலையில் பூ முடிச்சு. சப்பாத்துக் கயிறு கட்டுவது மாதிரி. இரண்டு காது தொங்கியது.

அது என் முடிச்சு இல்லை. அது அண்ணன் இல்லை.

"டேய்," என்றார் அண்ணன். "நீ சொல்லு. நீதானே பக்கத்துல நின்னே."

"ஆமாம்," என்றேன்.

இனி எழுதப் போவது நாற்பத்தெட்டு வருடமாக நான் வைத்திருந்தது.

அன்றைக்குக் கிள்ளான் திடலில் நான் எதையும் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே குனிந்து, வாளியில் துண்டை அலசிப் பிழிந்துகொண்டிருந்தேன். கூட்டம் கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நிமிர்ந்தபோது அண்ணன் கீழே கிடந்தார். சாம்பியன் மேலே. நடுவர் மூன்று எண்ணி முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் லோரியில் திரும்பினோம். மழை. நான்தான் ஓட்டினேன், லைசென்ஸ் இல்லாமல். அண்ணன் வாய் கிழிந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. தலையில் அடிபட்டு, மேடை ஏறியதற்குப் பிறகு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. தன் சப்பாத்து எங்கே என்று மூன்று தடவை கேட்டார். அது காலில் இருந்தது. பாலம் தாண்டும்போது, "கூட்டம் ஏன்டா கத்துச்சு?" என்றார். அது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

எனக்குத் தெரியாது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"நீ அவனைத் தூக்கிட்டே அண்ணே. தலைக்கு மேல."

"நானா?"

"ஆமா. ஒரு சுத்து சுத்தினே."

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கிழிந்த வாயோடு சிரித்தார்.

அவ்வளவுதான். மறுநாள் லோரி ஷெட்டில் அவர் அதை நாலு பேரிடம் சொன்னார். நான் நின்று கேட்டேன். தடுக்கவில்லை. முதலாளி கூப்பிடாமல் போனதற்கு, தலையில் அடிபட்டவன் இனி ஆக மாட்டான் என்பது காரணமாக இருந்திருக்கலாம். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதே முகமூடியைப் போட்டு வேறு ஊரில் வேறு ஒருவன் நிஜமாகவே செய்திருக்கிறான். எனக்கு அது டிவியில் பார்த்த அன்றுதான் தெரியும்.

டிவியில் படம் பார்த்த அந்த ஞாயிறுக்குப் பிறகு நாலு வாரம் அண்ணன் வேறு ஆளாக இருந்தார். நான் போவதற்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருப்பார். மகள் ஞாயிறுதோறும் வந்தாள். படத்தை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குக் காட்டினார். நர்ஸ் மலாய்ப் பெண். பார்த்துவிட்டு, "வாஹ், அங்கிள் ஹெபாட் லா!" என்று கட்டை விரலைக் காட்டினாள். மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரமும் திரும்பத் திரும்ப அதையே ஓட்டினார். முதலில் தூக்குகிற இடம் மட்டும். பிறகு முழுவதும்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கூட்டத்தின் சத்தம் கதவைத் தாண்டி வரும்.

ஒரு புதன்கிழமை. சென்டர் வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கி அவர் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனேன்.

"இருடா," என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் போனை நீட்டினார். படம் ஓரிடத்தில் நின்றிருந்தது. முகமூடிக்காரனின் முதுகு. விரலால் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"இது உன் முடிச்சா?"

நான் குனிந்து பார்த்தேன்.

"எனக்கு நீ பிளேடால அறுத்தே. தழும்பு இன்னும் இருக்கு. இது ஒரு இழுப்புல அவுந்துடும்."

"ஆமா அண்ணே."

"நீ எப்பப் பார்த்தே?"

"அன்னிக்கே."

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. ஒரு அம்மாவை இறக்கினார்கள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. இது வேற ஊரு. வேற ஆளு. அது கிடக்குது," என்றார். "கிள்ளான்ல நான் தூக்கினேன் இல்ல? நீ பார்த்தே இல்ல?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். லோரியில் அன்றைக்குக் கேட்ட மாதிரியே. வாய் வரவில்லை.

"நான் குனிஞ்சு துண்டு பிழிஞ்சுக்கிட்டிருந்தேன் அண்ணே."

"பார்க்கலியா?"

"பார்க்கல."

"அப்ப கூட்டம் எதுக்குடா கத்துச்சு?"

"தெரியல."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"உன் வாய் கிழிஞ்சிருந்துச்சு."

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். பையின் பட்டனைப் போட்டார். ஒரு கையால் அது அவருக்குச் சிரமம். நான் உதவப் போகவில்லை.

"முட்டாப்பய," என்றார். கோபம் இல்லை. "நாப்பத்தெட்டு வருசம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தே. இன்னிக்கும் இருந்திருக்கலாம் லா."

"ஆமா."

"கதவைத் திற."

அன்றைக்கு உள்ளே போனார். நாலு மணி நேரம் படுத்தார். படத்தின் சத்தம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது சட்டை போடாமல் படுத்திருந்தார். அண்ணி கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு," என்றார் அண்ணி. "நீங்க சொல்லுங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "போலாமா அண்ணே?"

"இல்லடா."

"அண்ணி அழுறாங்க."

"தெரியும்."

அவ்வளவுதான் பேசினோம். திங்கட்கிழமையும் வந்தேன். புதன்கிழமையும் வந்தேன். காரை அணைக்காமல் கீழேயே நிறுத்திவைத்துவிட்டு மேலே ஏறினேன். சென்டரிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து விளக்கினார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டு, "தேங்க்யூ டாக்டர்," என்றார். கால் வீங்கியது. பிறகு முகம். சமையல்காரர் வேலைக்குப் போகும் முன் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். "ரெண்டு வாய் அண்ணே, உங்க உடம்புக்கு இது ஒரு பிடியா," என்பார். அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்.

மகள் லீவு போட்டுவிட்டு வந்து இரவும் பகலும் இருந்தாள். அவளிடம் மட்டும் அவர் சிரித்தார். "சாம்பியனையே தூக்கினீங்க, இந்த ஊசிக்கா பயப்படுறீங்க?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"அதான் தூக்கியாச்சேம்மா," என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவளிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் போனார். செராஸில் எரித்தோம்.

பதினாறாம் நாள் சடங்குக்கு மகள் ஒரு படம் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். அந்த வீடியோவிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. முகமூடிக்காரன், தலைக்கு மேலே சாம்பியன். அதை அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் மாலை போட்டாள். வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"உண்மையாத்தான் சொல்லியிருக்காரு மனுசன்," என்று லோரி ஷெட்டில் பழகிய ஒருவர் சொன்னார். "நாம சிரிச்சோம்."

"சித்தப்பா பக்கத்துல நின்னு பார்த்தாரு," என்று அவரிடம் சொன்னாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்," என்றேன்.

முன்னாலிருந்து எடுத்த படம் அது. முடிச்சு தெரியவில்லை. அண்ணி சூடத்தட்டை என் கையில் கொடுத்தார். யார் என்று தெரியாத ஒருவனுக்கும் சேர்த்துக் காட்டினேன்.

எல்லாரும் போன பிறகு அண்ணி, அண்ணன் சென்டருக்கு எடுத்துப் போகும் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே பாருங்க தம்பி, என்னால முடியாது."

உள்ளே ஒரு போர்வை. குளிருக்குப் போடும் காலுறை. பிஸ்கட் பாக்கெட், பாதி. சென்டரில் கொடுத்த அட்டை. அட்டையில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கட்டம், வந்தால் நர்ஸ் அதில் கையெழுத்துப் போடுவாள். மூன்று வருடத்தில் அவர் ஒரு கட்டத்தையும் விட்டதில்லை. அந்தப் புதன்கிழமைக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய் வரைக்கும் உள்ள காலிக் கட்டங்களை விரல் வைத்து எண்ணினேன்.

ஐந்து.